வீட்டில் ஒருவர் பொது சுகாதாரமும் சட்டமும் படிக்கப் போகிறாரா? தட்டாஞ்சாவடியிலிருந்து சில பயனுள்ள குறிப்புகள்

புதுச்சேரி தட்டாஞ்சாவடியில் குடியிருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. கோரிமேட்டில் ஜிப்மர். இந்திரா நகரில் 1975-இல் தொடங்கிய, கொசுவால் பரவும் நோய்களுக்கான மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால் காலாப்பட்டில் டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி. பிரெஞ்சு ஆட்சியிலேயே, 1823-இல் மருத்துவப் பள்ளியும் 1838-இல் சட்டப் பள்ளியும் கண்ட ஊர் இது. ஆனாலும் இரண்டையும் சேர்த்துப் படித்தவர்கள் நம்மிடையே மிகக் குறைவு. குழாய்த் தண்ணீர், தேங்கிய சாக்கடை, பள்ளி வாசலில் சிகரெட், மருத்துவமனை பில் என்று நம் வீட்டுக்கு வரும் தொல்லைகளில் பாதி, நோயாகவும் இருக்கின்றன, சட்டமாகவும் இருக்கின்றன. இரண்டும் தெரிந்த பிள்ளைகள் நம் தெருக்களிலிருந்து வர வேண்டும் என்பது என் ஆசை. அதற்கு வீடு என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. அமெரிக்காவில் சட்டப் பட்டமும் பொது சுகாதார முதுகலையும் இணைந்த ஒரே படிப்பை நான்கு ஆண்டுகளில் முடிக்கலாம். அதைப் பார்த்துவிட்டு இங்கே தேடி அலைய வேண்டாம். நம் ஊரில் அப்படி ஒரு கூட்டுப் பட்டம் கிடையாது. எம்.பி.எச். என்னும் பொது சுகாதார முதுகலை இரண்டு ஆண்டு, பட்டம் பெற்றவர்களுக்கான எல்.எல்.பி. மூன்று ஆண்டு. ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தால் ஐந்து ஆண்டு. இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதி, எந்த ஆண்டு எந்தப் படிப்பு, யார் சம்பாதிப்பது, யார் சமைப்பது என்று பக்கத்தில் குறித்து, எல்லோர் கண்ணிலும் படும்படி காலண்டருக்குக் கீழே ஒட்டிவிடுங்கள்.

2. "இரண்டையும் ஒரே நேரத்தில் படித்துவிடலாமே, யு.ஜி.சி.தான் அனுமதித்துவிட்டதே" என்று யாராவது சொல்வார்கள். 2022-இல் யு.ஜி.சி. ஒரே சமயத்தில் இரண்டு பட்டங்கள் படிக்க வழி செய்தது உண்மை. ஆனால் சட்டப் படிப்பு இந்திய பார் கவுன்சிலின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. அதன் 2008-ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகளில் ஆறாவது விதி, எல்.எல்.பி. படிக்கும்போது வேறு எந்த நேரடிப் பட்டப் படிப்பிலும் சேரக் கூடாது என்கிறது. பல்கலைக்கழகத் தொலைநிலைக் கல்வி மையம் நடத்தும் படிப்புக்கும், மொழி, கணினி போன்ற குறுகிய பகுதிநேரச் சான்றிதழ்ப் படிப்புக்கும் மட்டும் விலக்கு உண்டு. ஆகவே எல்.எல்.பி. ஓடும்போதே சுகாதாரச் சட்டத்தில் கால் வைக்க ஆசைப்பட்டால், பெங்களூர் தேசிய சட்டப் பள்ளி தொலைநிலையில் நடத்தும் மருத்துவச் சட்டமும் நெறியும் என்ற முதுகலை டிப்ளமோ மாதிரியானதைப் பாருங்கள். இரண்டு நேரடிப் படிப்புகளில் மறைத்துச் சேர்ந்தால் பிற்பாடு வக்கீலாகப் பதிவு செய்யும் நேரத்தில் சிக்கிக்கொள்வீர்கள்.

3. "வீட்டிலிருந்தே எல்.எல்.பி." என்று விளம்பரம் வந்தால் பணம் கட்டாதீர்கள். தொலைநிலையில் வாங்கிய எல்.எல்.பி.யைக் காட்டி வக்கீலாகப் பதிவு செய்ய முடியாது.

4. எதை முதலில் படிப்பது? இந்த ஒரு முடிவு பின்னால் பல தலைவலிகளைத் தவிர்க்கும்.

வீட்டில் இருப்பவர் நர்சிங், பிசியோதெரபி, பல் மருத்துவம், சித்த மருத்துவம் போன்ற உடல்நலப் படிப்பு படித்தவர் என்றால் எம்.பி.எச். முதலில் வரட்டும். அந்தப் பட்டத்துக்குத் தேவையான அனுபவமும் மொழியும் அவர் கையில் சூடாக இருக்கின்றன. நடுவில் ஓர் ஆண்டு வேலை பார்த்துச் சேமித்த பிறகு சட்டத்துக்குப் போகலாம்.

பி.ஏ., பி.காம். முடித்தவர் என்றால் சட்டம் முதலில் வருவது நல்லது. பொது சுகாதாரப் படிப்புகள் பலவற்றில் உடல்நலம் சார்ந்த பட்டமோ, அந்தத் துறை அனுபவமோ கேட்பார்கள். சட்டம் படிக்கும் காலத்திலேயே ஒரு சுகாதாரத் தொண்டு நிறுவனத்தில் சேர்ந்து அந்த அனுபவத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். ஜிப்மரின் எம்.பி.எச். தகுதிப் பட்டியல் அதன் சேர்க்கைக் கையேட்டில் இருக்கும். அதை அண்ணனோ மாமாவோ சொல்லக் கேட்காமல், படிக்கப் போகிறவரே வரிவரியாகப் படிக்க வேண்டும். எல்.எல்.பி.க்கு பார் கவுன்சில் விதித்த குறைந்தபட்ச மதிப்பெண், பட்டப் படிப்பில் பொதுப்பிரிவுக்கு 45, ஓ.பி.சி.க்கு 42, எஸ்.சி., எஸ்.டி.க்கு 40 சதவீதம். சட்டக் கல்லூரிச் சேர்க்கைக்கு, புதுச்சேரி அரசின் சேர்க்கைக் குழுவான சென்டாக்கின் அறிவிப்பைக் கவனியுங்கள்.

5. சான்றிதழ்களை லேமினேட் செய்யாதீர்கள். அழகாக இருக்கும், ஆனால் அசல் சான்றிதழின் பின்புறம் முத்திரை குத்த வேண்டிய இடத்திலெல்லாம் திருப்பி அனுப்புவார்கள். ரப்பர் பேண்டும் போட வேண்டாம், வெயில் காலத்தில் உருகி ஒட்டிக்கொள்ளும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம், டி.சி., சாதிச் சான்றிதழ், குடியிருப்புச் சான்றிதழ் என்று தனித்தனி உறையில் போட்டு, மேலே பெரிய எழுத்தில் எழுதி, மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் வையுங்கள். பெட்டி பரணில் இருக்கட்டும், கட்டிலுக்கு அடியில் வேண்டாம். 2011 டிசம்பரில் தானே புயலையும் 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயலையும் பார்த்த ஊர் இது. வெள்ளம் வீட்டுக்குள் வந்தால் முதலில் நனைவது கட்டிலுக்கு அடியில் இருப்பவைதான். டிஜிலாக்கரிலும் ஒரு பிரதி இருக்கட்டும். மழைக்காலம் முடிந்ததும் ஒரு நாள் நிழலில் விரித்துக் காற்றாட வைத்து எடுத்தால் பூஞ்சை பிடிக்காது. புத்தக அலமாரியில் வசம்புத் துண்டும் காய்ந்த வேப்பிலையும் போட்டால் வெள்ளிப்பூச்சி வராது.

6. பழைய சட்டப் புத்தகம் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் மூன்றும் போய், பாரதிய நியாய சன்ஹிதா, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பாரதிய சாக்ஷ்ய அதினியம் வந்துவிட்டன. தொற்றுநோய் பரவும்படி அஜாக்கிரதையாக நடப்பது முன்பு 269-ஆம் பிரிவு, இப்போது 271. கவனக்குறைவால் மரணம் விளைவிப்பது முன்பு 304 ஏ, இப்போது 106. அதில் சாதாரண ஆளுக்கு ஐந்து ஆண்டு வரை, சிகிச்சையின்போது தவறிய பதிவு பெற்ற மருத்துவருக்கு இரண்டு ஆண்டு வரை தண்டனை என்று வித்தியாசம் வைத்திருக்கிறார்கள். நுகர்வோர் சட்டமும் 2019-இல் மாறியது. ஆனால் தீர்ப்புகள் அப்படி இல்லை. மருத்துவச் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று சொன்ன 1995-ஆம் ஆண்டு வி.பி. சாந்தா வழக்கின் தீர்ப்பை இன்றும் படித்தே ஆக வேண்டும். எனவே சட்டத் தொகுப்பு புதிதாக இருக்கட்டும், தீர்ப்புகளை விளக்கும் புத்தகம் பழையதாக இருந்தாலும் பரவாயில்லை.

7. இரண்டு படிப்பும் எங்கே சந்திக்கின்றன என்று பிள்ளை கேட்டால், வெளிநாட்டு உதாரணம் எதற்கு? நம் புதுச்சேரியிலேயே நடந்ததைச் சொல்லுங்கள்.

2021 டிசம்பர் தொடக்கத்தில், 1973-ஆம் ஆண்டு புதுச்சேரி பொது சுகாதாரச் சட்டத்தின்படி, கொரோனா தடுப்பூசி எல்லோருக்கும் உடனடியாகக் கட்டாயம், மீறினால் சட்டப்படி நடவடிக்கை என்று நம் சுகாதாரத் துறை உத்தரவு போட்டது. நாடு முழுவதும் பேசப்பட்ட உத்தரவு அது. அடுத்த ஆண்டு மே 2-ஆம் தேதி, ஜேக்கப் புலியேல் என்ற குழந்தை மருத்துவர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தன் உடல் மீதான உரிமையையும் காக்கிறது, யாரையும் வலுக்கட்டாயமாக ஊசி போட வைக்க முடியாது என்றது. அதே தீர்ப்பு, சமூகத்தின் நலனுக்காக அரசு தனிமனித உரிமைக்கு வரம்பு போடலாம், ஆனால் அது சட்டப்படி இருக்க வேண்டும், நியாயமாக இருக்க வேண்டும், நோக்கத்துக்குத் தக்க அளவில் இருக்க வேண்டும் என்றும் சொன்னது. அரசின் தடுப்பூசிக் கொள்கையைத் தவறென்று சொல்லவில்லை. பரிசோதனைத் தரவுகளையும் பக்கவிளைவுகளையும் மக்களுக்கு வெளிப்படையாகத் தர வேண்டும் என்றது.

இதை ஒரு வீட்டுப் பயிற்சியாக்குங்கள். இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஒருவர் சுகாதாரத் துறை இயக்குநர் இடத்தில் உட்காரட்டும், ஒருவர் ஊசி வேண்டாம் என்கிற குடிமகனாகட்டும். ஊசி போட்டவரிடமிருந்து நோய் பரவுமா, எவ்வளவு குறையும் என்று பொது சுகாதாரம் படிக்கிறவர் சொல்ல வேண்டும். இதைவிடக் கடுமை குறைந்த வழி இருந்ததா என்று சட்டம் படிக்கிறவர் கேட்க வேண்டும். இரண்டில் ஒன்று மட்டும் தெரிந்தவரால் இந்த வாதத்தைப் பாதிதான் நடத்த முடியும். ஒரு நல்ல உத்தரவை நீதிமன்றத்தில் நிற்கும்படி எழுதவும், ஒரு கெட்ட உத்தரவை ஆதாரத்தோடு எதிர்க்கவும் இரண்டு அறிவும் ஒரே தலைக்குள் இருக்க வேண்டும் என்று நான் நம்புவது இந்த ஒரு சம்பவத்தால்தான்.

8. நம் சட்டமன்றத்துக்கு இதில் அதிகாரம் உண்டா என்று சந்தேகம் வரும். பொது சுகாதாரமும் மருத்துவமனைகளும் அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் ஆறாவது இனம். 1963-ஆம் ஆண்டு யூனியன் பிரதேசங்கள் ஆட்சிச் சட்டப்படி அந்தப் பட்டியலில் சட்டம் இயற்றும் அதிகாரம் நம் சட்டப்பேரவைக்கும் உண்டு. ஆகவே புதுச்சேரிச் சட்டத்தையும், 1939-ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் வந்த பொது சுகாதாரச் சட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். கொசு ஒழிப்புக்கென்றே தனி அத்தியாயம் வைத்த சட்டம் அந்த 1939-ஆம் ஆண்டுச் சட்டம்.

9. சட்டம் படித்த பிள்ளைகளுக்குப் புள்ளியியல் என்றால் பயம். அதை வீட்டிலேயே போக்கலாம். தெருவில் பத்துப் பேருக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டால், "எத்தனை பேரில் பத்து?" என்று கேட்கப் பழக்குங்கள். நாற்பது பேர் குடியிருக்கும் சந்தில் பத்து என்பது வேறு, நானூறு பேர் தெருவில் பத்து என்பது வேறு. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டால் பாடத்தில் பாதி பிடிபட்டுவிடும். மாறாக, சுகாதாரம் படித்தவர்களுக்குச் சட்டப் பிரிவின் நீண்ட வாக்கியம் பயம். பிரிவைச் சத்தமாக வாசித்து, "யார், என்ன செய்ய வேண்டும், செய்யாவிட்டால் என்ன ஆகும்" என்று மூன்று வரிகளில் தமிழில் எழுதி வைத்தால் அந்தப் பயமும் போகும்.

10. போக்குவரத்து. ஜிப்மர் பக்கம், மதியச் சாப்பாட்டுக்கே வீட்டுக்கு வந்து போகலாம். காலாப்பட்டு அப்படி இல்லை. ராஜீவ் காந்தி சதுக்கம் தாண்டி, கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் வழியாகப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போக வேண்டும். காலை நேரத்தில் நெரிசல் உண்டு. பார் கவுன்சில் விதிப்படி 70 சதவீத வருகை தேவை என்பதால் முதல் வகுப்பைத் தவறவிட்டுத் தவறவிட்டே தேர்வுக்கு உட்கார முடியாமல் போனவர்கள் இருக்கிறார்கள். வேலையில் இருப்பவர்கள் சேருமுன் அலுவலகத்தில் எழுத்துமூலம் அனுமதி வாங்கிவிடுங்கள்.

11. வீட்டில் படிப்பது மகளோ மருமகளோ என்றால் இந்தக் குறிப்பைக் குடும்பமே சேர்ந்து வாசியுங்கள். மகன் படித்தால் காபி தானாக மேசைக்கு வருகிறது. மருமகள் படித்தால் காபி போட்டுக் கொடுத்துவிட்டுப் படிக்க உட்கார வேண்டியிருக்கிறது. ஐந்து ஆண்டுப் படிப்பு இப்படி நடக்காது. அறிவு போதாமல் படிப்பை விட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை ஒரு நாற்காலியில் தொடர்ந்து உட்கார முடியாமல் விட்டவர்களைத்தான் பார்த்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வாரத்துக்கான மாவை அரைக்கும் பொறுப்பு கணவருடையது என்று முடிவு செய்யுங்கள். புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் மாதம் ஒருமுறை செய்து பாட்டிலில் வைத்தால், தேர்வு வாரத்தில் சாதம் வடித்தால் போதும். ஈரக் கரண்டி போடாதீர்கள், புளிக்காய்ச்சல் கெட்டுவிடும். மாமியார் குழந்தைக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்கும் நேரமும் படிக்கும் நேரமும் ஒன்றாக இருக்கட்டும். உறவினர் வீட்டு விசேஷத்துக்கு அவள் வராவிட்டால், "பரீட்சை, அதனால் வரவில்லை" என்று மாமியாரே சொல்லட்டும். அவர் வாயால் அது வந்தால் யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள்.

12. பணம். வித்யாலட்சுமி இணையதளத்தில் பல வங்கிகளுக்கு ஒரே இடத்தில் கல்விக் கடன் விண்ணப்பம் போடலாம். 4 லட்சம் ரூபாய் வரை சொத்து ஈடு கேட்கக் கூடாது. திருப்பிக் கட்டும் வட்டிக்கு எட்டு ஆண்டு வரை வருமான வரிக் கழிவு உண்டு. ஆனால் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும்.

13. மூன்று ஆண்டு எல்.எல்.பி.யில் குறைந்தது 12 வாரம் இன்டர்ன்ஷிப் செய்ய வேண்டும். அந்த வாரங்களை வெறும் வழக்குக் கட்டு தூக்குவதில் கழிக்காமல், ஒரு பகுதியை நுகர்வோர் ஆணையத்திலும் சட்டப் பணிகள் ஆணையத்திலும் செலவிடச் சொல்லுங்கள். எம்.பி.எச். ஆய்வுக்குத் தலைப்பு தேடினால் வாசலிலேயே கிடைக்கும். 2003-ஆம் ஆண்டு புகையிலைச் சட்டம் கல்வி நிறுவனத்தைச் சுற்றி 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்கிறது. ஒரு அளவு நாடாவும் நோட்டும் எடுத்துக்கொண்டு நம் பகுதிப் பள்ளிகளைச் சுற்றி வந்தால் ஒரு நல்ல ஆய்வு கிடைக்கும். தகவல் தேவைப்பட்டால் பத்து ரூபாயில் தகவல் உரிமைச் சட்ட மனு போடலாம், 30 நாளில் பதில் தர வேண்டும்.

14. எல்.எல்.பி. முடிந்ததும் பதிவு செய்யுமிடம் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சில். 2024 ஜூலை 30-இல் உச்ச நீதிமன்றம், சட்டம் சொல்லும் 750 ரூபாய்க்கு மேல், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினரிடம் 125 ரூபாய்க்கு மேல், பதிவுக் கட்டணம் வசூலிக்கக் கூடாது என்று தீர்ப்பளித்திருக்கிறது. யாராவது பெரிய தொகை கேட்டால் இந்தத் தேதியைச் சொல்லுங்கள்.

15. வீட்டில் டாக்டர் இருந்து அவர் சட்டமும் படித்தால், காலையில் கிளினிக், மாலையில் கோர்ட் என்று கனவு காண வேண்டாம். 1996-இல் ஹனிராஜ் சூலானி என்ற மருத்துவரின் வழக்கில், மருத்துவத் தொழிலைத் தொடர்ந்தபடி வக்கீலாகப் பதிவு செய்ய முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முழுநேரச் சம்பளத்தில் இருக்கும் நர்சுக்கும் அதிகாரிக்கும் இதே கதிதான், வக்கீலாகத் தொழில் செய்ய முடியாது. அதற்காகப் பட்டம் வீணாகிவிடாது. சட்டம் தெரிந்த சுகாதார அதிகாரி எழுதும் நோட்டீசுக்கும் தெரியாதவர் எழுதும் நோட்டீசுக்கும் உள்ள வித்தியாசம் கோர்ட்டில் தெரியும். எந்த நாற்காலி வேண்டும் என்பதை மட்டும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்.

16. பிரெஞ்சு தெரிந்த குடும்பங்கள் நம் ஊரில் இன்னும் இருக்கின்றன. ரென் நகரில் இருக்கும் பிரான்சின் பொது சுகாதார உயர்கல்விப் பள்ளியையும், அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் இருக்கும் சுகாதாரச் சட்ட முதுகலைகளையும் விசாரியுங்கள். சான்றிதழ்களுக்கு அப்போஸ்டில் முத்திரை தேவைப்படும். ஐந்தாவது குறிப்பின் முதல் வரி இங்கேதான் கைகொடுக்கும்.

17. படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் அக்கம்பக்கத்தார் மருத்துவமனைத் தாள்களோடு வருவார்கள். வரட்டும், அதுதான் சிறந்த பயிற்சி. டிஸ்சார்ஜ் சுருக்கம், பில், பரிசோதனை முடிவு மூன்றையும் தேதி வாரியாக ஒரே ஃபைலில் வைக்கச் சொல்லிக்கொடுங்கள். நோயாளி எழுதிக் கேட்டால் மருத்துவர் 72 மணி நேரத்துக்குள் சிகிச்சைப் பதிவேடுகளைத் தர வேண்டும், மூன்று ஆண்டு பாதுகாக்கவும் வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. வாயால் கேட்காதீர்கள். எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். ஆனால் ஒன்று: பதிவு செய்யும் வரை பிள்ளை யாருக்கும் வக்கீல் நோட்டீஸ் எழுதித் தரக் கூடாது, மருந்தும் சொல்லக் கூடாது.

18. வழக்கு வரை போக வேண்டியிருந்தால் கடலூர் சாலை நீதிமன்ற வளாகத்துக்கு வழி காட்டுங்கள். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி பெண்களுக்கும், குழந்தைகளுக்கும், எஸ்.சி., எஸ்.டி. மக்களுக்கும், மாற்றுத் திறனாளிகளுக்கும், தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டையில் வேலை செய்வோர் போன்ற தொழிலாளர்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் அமர்த்தித் தருவார்கள்.